கழிவுநீர்ச் சுத்திகரிப்பு: ஏவப்பட்ட சேற்று முறை

மலையகம் இலங்கையின் பிரதான நதிகளின் ஊற்றுப் பிரதேசமாகும். நுவரெலியாவின் நானுஓயா, கொத்மலை ஓயாவுடன் சேர்ந்து மகாவலியை அடைகின்றது. பொகவந்தலாவை, நோர்வூட் பகுதிகளின் நீர் கெசல்கமுவ ஓயா வழியே காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குச் சென்று, பின்னர் களனி கங்கையுடன் கொழும்பு வரை பாய்கின்றது. எனவே லயன் கானில் விடப்படும் கழிவு தோட்டத்துடன் முடிந்துவிடுவதில்லை. கீழே வாழ்வோரின் குடிநீரையும் அது பாதிக்கும்.

கழிவுநீரால் ஏற்படும் தீங்கு

கழிவுநீரிலுள்ள சேதனப் பொருள்களைக் காற்றுவாழ் பற்றீரியாக்கள் பிரிகையாக்கும்போது நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் செலவாகின்றது. இவ்வாறு தேவைப்படும் ஒட்சிசனின் அளவே உயிரியல் ஒட்சிசன் கேள்வி எனப்படும். இப்பெறுமானம் உயர்ந்தால் மீன்கள் இறக்கும். மேலும், நெருப்புக்காய்ச்சல், வயிற்றோட்டம் போன்ற நோய்களின் கிருமிகளும் நீருடன் பரவும்.

முறையின் தோற்றம்

1914 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆடன், லொக்கெற் ஆகிய இருவரும் கழிவுநீருக்குக் காற்றூட்டி, அடியில் படிந்த சேற்றை அகற்றாது அதன்மேல் புதிய கழிவுநீரை விட்டு மீண்டும் காற்றூட்டினர். சேறு பெருகப் பெருக, வாரக்கணக்கில் நடந்த சுத்திகரிப்பு மணித்தியாலங்களில் நிறைவேறியது. சேற்றில் நுண்ணங்கிகள் பெருகியிருந்தமையே காரணமாகும்.

படிமுறைகள்

1. வடித்தல்: கம்பித் தட்டிகளால் துணி, பிளாத்திக்கு என்பன தடுக்கப்படும், மணல் படியவிடப்படும்.
2. முதலாம் படிவு: பாரமான திண்மங்கள் தாங்கியின் அடியில் படியும்.
3. காற்றூட்டல்: பற்றீரியாக்கள் சேதனப் பொருள்களை உணவாகக் கொண்டு காபனீரொட்சைட்டையும் நீரையும் வெளிவிட்டுப் பெருகும், ஒன்றுசேர்ந்து திரள்களாகும்.
4. இரண்டாம் படிவு: திரள்கள் படிய, தெளிந்த நீர் மேலே நிற்கும்.
5. சேற்றை மீளச் செலுத்தல்: படிந்த சேற்றின் ஒரு பகுதி காற்றூட்டும் தாங்கிக்குத் திருப்பியனுப்பப்படும். மிகுதி அகற்றப்படும்.
6. கிருமியழித்தல்: குளோரீன் சேர்த்தபின் நீர் ஆற்றில் விடப்படும்.

கண்டி நகரின் கழிவுநீர் முன்னர் மெதஎல வழியாக மகாவலியில் கலந்தது. இதனைக் குறைப்பதற்காக யப்பானியக் கடனுதவியுடன் கன்னொருவையில் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது.

கவனிக்க

• "காற்று கழிவை நேரடியாக அழிக்கிறது" என விடை எழுதுவது தவறு. காற்று நுண்ணங்கிகளின் சுவாசத்துக்கே வழங்கப்படுகின்றது.
• நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசு. குளிரில் நொதியத் தாக்கங்கள் மெதுவாக நிகழ்வதால் சுத்திகரிப்புக்குக் கூடிய நேரம் தேவை.
• வெளியேறும் நீரில் எஞ்சும் நைத்திரேற்றும் பொசுபேற்றும் கிரகரி வாவி போன்ற தேங்கிய நீரில் சேர்ந்தால் நற்போசணையாக்கம் ஏற்படலாம்.
• கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லாத தோட்டங்களில், மலசலகூடக் குழியைப் பீலிக்கும் ஊற்றுக்கும் கீழ்ப்புறமாக, போதிய தூரத்தில் அமைக்க வேண்டும்.

மாதிரி வினா

நிலையமொன்றை அடையும் கழிவுநீரின் உயிரியல் ஒட்சிசன் கேள்வி லீற்றருக்கு 250 மில்லிகிராம். வெளியேறும் நீரில் 25 மில்லிகிராம்.
(அ) குறைவு வீதம் யாது?
(ஆ) இந்நீரை ஆற்றில் விடலாமா?
(இ) மின்தடையால் காற்றூட்டல் நீண்டநேரம் நின்றால் யாது நிகழும்?

விடை
(அ) (250 − 25) ÷ 250 × 100 = 90%.
(ஆ) இப்பெறுமானத்தைப் பொறுத்தவரை விடலாம். உள்நாட்டு நீர்நிலைகளுக்கு இலங்கையில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு லீற்றருக்கு 30 மில்லிகிராம்.
(இ) காற்றுவாழ் பற்றீரியாக்கள் இறக்கும். காற்றின்றிய பிரிகையால் துர்நாற்றம் வீசும். சுத்திகரிக்கப்படாத நீர் வெளியேறும்.