படகுக்கு மோட்டார் வாங்கப் போகிறீர்களா?



வளைகுடாவில் உழைக்கும் மகன் அனுப்பிய பணமாக இருக்கலாம். வீட்டுப் பெண்களின் கையிலிருந்து இறங்கிய வளையல்களின் விலையாக இருக்கலாம். எதுவாயினும் அது ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு. கடற்கரை ஊர்களில் அந்தச் சேமிப்பு பல வேளைகளில் ஒரு மோட்டாராக உருவெடுத்து, படகின் பின்பலகையில் போய் அமர்ந்துகொள்கிறது. குமரிக் கரையிலும், இலங்கையின் மன்னார், கற்பிட்டிக் கரைகளிலும் சிறிய கண்ணாடியிழைப் படகுகள் பல இத்தகைய அவுட்போர்டு மோட்டாரை நம்பியே கடலுக்குள் செல்கின்றன. நடுக்கடலில் அது நின்றுபோனால் நட்டம் அன்றைய மீனோடு முடிவதில்லை. காற்றும் நீரோட்டமும் படகை எங்கே இழுத்துச் செல்கின்றனவோ, அங்கேதான் அதில் இருப்பவர்களும் போயாக வேண்டும். பாக் நீரிணையில் எல்லைக்கோடு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர்.

ஆகவே வாங்கும் முன் எல்லோரும் கேட்கின்ற கேள்வி ஒன்று உண்டு. 'எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?' கரையில் நிற்பவர் ஒரே சொல்லில் விடை கூறிவிடுவார். யமஹா என்பார் ஒருவர்; சுசுகி என்பார் மற்றொருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்து கிடப்பவற்றை ஆராய்ந்த பிறகே பணப்பையை அவிழ்க்க வேண்டும் என்பது என் துணிபு.

தொண்ணூறு ஆண்டுப் புகழ்

இவ்வகை மோட்டாரை உலகெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஓலே எவின்ரூட். நார்வே நாட்டில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொழில் நடத்தியவர். 1909ஆம் ஆண்டில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன் உடையது. எடை சுமார் 28 கிலோ. வணிகத்தையும் விளம்பரத்தையும் கவனித்துக்கொண்டவர் அவருடைய மனைவி பெஸ். (கணவனின் கைத்திறனுக்கு மனைவியின் கணக்கறிவு துணைநிற்கும் குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டல்லவா!) பிற்காலத்தில் எவின்ரூட், ஜான்சன் ஆகிய இரு பெயர்களும் அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. பல தலைமுறைகள் அப்பெயர்களை நம்பிக் கடலிலும் ஏரியிலும் இறங்கின.

பிறகு நிகழ்ந்தது என்ன? பழைய இரண்டு-ஸ்ட்ரோக் மோட்டார், தான் குடிக்கும் எரிபொருளில் கால்பங்கு வரை எரிக்காமலேயே தண்ணீரில் துப்பிவிடும் இயல்புடையது. 1996இல் அமெரிக்க அரசு இதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அதை ஒட்டி, எவின்ரூட் மோட்டார்களில் 'ஃபிக்ட்' எனப்படும் புதிய எரிபொருள் பாய்ச்சும் முறை புகுத்தப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும் தொடக்ககால ஃபிக்ட் மோட்டார்கள் பல பழுதுபட்டன, புகார்கள் குவிந்தன. நிறுவனத்திற்கு வேறு தொல்லைகளும் இருந்தன. 2000 டிசம்பரில் அது திவாலாயிற்று. 2001இல் கனடாவின் பம்பார்டியர் நிறுவனம் மோட்டார்ப் பிரிவை வாங்கி, குறைகளைக் களைந்து, 'இ-டெக்' என்ற புதிய வரிசையை வெளியிட்டது. அதற்கு நல்ல பெயரும் கிடைத்தது. என்றாலும் 2020 மே மாதத்தில் எவின்ரூட் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிப்பு வந்துவிட்டது.

இப்பொழுது எண்ணிப் பாருங்கள். 1990இல் எவின்ரூட் வாங்கியவரும், 1998இல் வாங்கியவரும், 2010இல் வாங்கியவரும் ஒரே இடத்தில் கூடி வாதிட்டால் யார் சொல்வது உண்மை? மூவர் சொல்வதும் உண்மையே. மூடியின்மேல் எழுதியிருந்த பெயர் ஒன்றாக இருந்ததேயன்றி, உள்ளிருந்த பொறிகள் மூன்றும் வெவ்வேறு. 'எங்கள் வாப்பா காலத்திலிருந்து இதே கம்பெனிதான்' என்று ஒருவர் பெருமையுடன் கூறும்போது, அவர் வாப்பா காலத்து மோட்டாருக்கு நற்சான்று வழங்குகிறார். இன்று கடையில் நிற்கும் மோட்டாருக்கு அன்று.

இதற்கு நேர்மாறான வரலாறும் இருக்கிறது. 1939இல் கார்ல் கீக்ஹேஃபர் என்பவர் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையை விலைக்கு வாங்கினார். அங்கே, சரியாக ஓடவில்லை என்று ஒரு பெரிய வணிக நிறுவனம் ஏற்க மறுத்த ஏறத்தாழ முந்நூறு படகு மோட்டார்கள் குவிந்து கிடந்தன. அவற்றைப் பிரித்து, திருத்தி, ஓடச் செய்து, மறுத்த நிறுவனத்திற்கே விற்றார். 'மெர்குரி' என்று இன்று உலகம் அறிந்த பெயர் அங்கிருந்து முளைத்ததுதான்!

பெயர் ஒன்று, தயாரிப்பாளர் வேறொருவர் என்பதும் இத்தொழிலில் வழக்கம். ஜப்பானின் தோஹாட்சு நிறுவனம் 1956 முதல் படகு மோட்டார் செய்து வருகிறது. மெர்குரி என்ற பெயரில் விற்கப்பட்ட சிறிய மோட்டார்கள் பலவும், அமெரிக்காவில் நிஸ்ஸான் என்ற பெயரில் விற்கப்பட்டவையும் தோஹாட்சுவின் கைவண்ணமே. ஜான்சன் என்ற பெயரில் வந்த நான்கு-ஸ்ட்ரோக் மோட்டார்கள் சிலவற்றைச் செய்து கொடுத்தது சுசுகி. ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றை இகழ்ந்தவர்கள், தாம் அறியாமலே ஒரே தொழிற்சாலையைப் புகழ்ந்தும் இகழ்ந்தும் இருக்கிறார்கள்!

யார் சொன்னது? எந்தக் கடலில்?

ஒரு கரையில் நூறு படகுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூறில் ஒரு கம்பெனி மோட்டார், பத்தில் இன்னொன்று. மெக்கானிக்கின் கொட்டகையில் ஒன்பது மோட்டார்கள் பிரித்துப் போடப்பட்டிருக்கின்றன. எட்டு முதல் கம்பெனியினுடையவை. 'பாருங்கள், பழுதுக்கு வருவதெல்லாம் இதுதான்' என்கிறார் அவர். தொண்ணூற்றில் எட்டு, பத்தில் ஒன்று என்று கணக்கிட்டால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மெக்கானிக்கின் அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கடைக்காரரின் சொல்லைவிட அவர் சொல் பல மடங்கு உயர்ந்தது. ஆனால் அவரிடம், 'எது அதிகம் வருகிறது?' என்று கேட்பதைவிட, 'எது உடைகிறது? எத்தனை வருட ஓட்டத்திற்குப் பிறகு உடைகிறது? அதற்கான பாகம் எத்தனை நாளில் வருகிறது?' என்று கேட்பதே பயன் தரும்.

மோட்டார் ஓடும் மணிக்கணக்கு மிக முக்கியம். அமெரிக்காவில் விடுமுறை நாளில் தூண்டில் போடுகிறவரின் மோட்டார் ஓராண்டில் நூறு மணி நேரம் ஓடினாலே அதிகம். நம் மீனவர் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம், ஆண்டில் இருநூறு நாள் கடலுக்குச் சென்றால் ஆயிரத்து இருநூறு மணி நேரம்! அங்கே 'பத்தாண்டுகள் பழுதே இல்லை' என்று பாராட்டப்பட்ட மோட்டார், இங்கே ஓராண்டிலேயே அந்தப் பத்தாண்டுகளையும் கடந்துவிடுகிறது. தொழிலுக்குப் பயன்படுத்தினால் உத்தரவாதக் காலம் குறைவாகவே தரப்படுவதன் காரணமும் இதுவே. விற்பனையாளர் நீட்டும் வண்ணத்தாளில் பெரிய எழுத்தில் உள்ள ஆண்டுக்கணக்கு தொழில் படகுக்கும் பொருந்துமா என்பதை எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எரிபொருளும் அவ்வாறே. மண்ணெண்ணெய் மோட்டாரைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அணைக்கும் முன் மீண்டும் பெட்ரோலுக்குக் கொண்டுவர வேண்டும். இதைக் கைவிட்டால் எந்தக் கம்பெனி மோட்டாரும் கரி பிடித்துப் பிளக் நனைந்து அடம்பிடிக்கும். யமஹாவின் 'எண்டூரோ' வரிசை மீன்பிடித் தொழிலின் கடும் உழைப்பை எண்ணியே வடிவமைக்கப்பட்டது. நுட்பம் குறைவு, தாங்கும் திறன் அதிகம். ஹோண்டாவோ 1964இல் தொடங்கியது முதல் நான்கு-ஸ்ட்ரோக் வழியையே பற்றி நின்றது. ஓசை குறைவு, எரிபொருள் சிக்கனம், ஆனால் ஆயில் மாற்றுவதில் ஒழுங்கு வேண்டும். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவில் கேட்பது வீண்.

இந்த நிலையில் என் தீர்ப்பு சிலருக்கு வியப்பளிக்கலாம். சிறிய கரை ஒன்றில் வாழ்பவர், அக்கரையில் எல்லோரும் வைத்திருக்கும் மோட்டாரையே வாங்குவது நல்லது. அதுதான் உலகிலேயே உயர்ந்தது என்பதனால் அன்று. அதன் பாகம் பக்கத்துக் கடையில் கிடைக்கும், மெக்கானிக்கின் கை அதற்குப் பழகியிருக்கும், கடலில் நின்றால் அண்டைப் படகுக்காரர் பெட்டியில் அதற்குரிய பிளக் இருக்கும் என்பதனால். ஆனால் புகழ்பெற்ற பெயருக்கே போலிப் பாகங்கள் அதிகம் வரும் என்பதையும் மறவாதீர்கள். விலை ஐயத்திற்கிடமாகக் குறைந்திருந்தால் பழைய அசல் பாகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய மோட்டார் வாங்குபவராயின் பெயரைப் பார்க்கும் கண்ணை மூடிக்கொண்டு வேறு சிலவற்றைப் பாருங்கள். சென்றதும் மூடியின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்னரே ஓட்டிப் பழக்கியிருக்கிறார்கள். ஆறவிட்டு மறுபடி கிளப்பச் சொல்லுங்கள். ஓடும்போது பின்புறம் மெல்லிய நீர்த்தாரை தடையின்றிப் பீச்ச வேண்டும். அது நின்று நின்று வந்தால் குளிர்விக்கும் நீர் சரிவரச் சுற்றவில்லை என்று பொருள். அடிப்பெட்டியின் ஆயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால் போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கருவி நல்ல மெக்கானிக்கிடம் இருக்கும். எல்லாச் சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருப்பின் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். உப்புநீரில் ஓடிய மோட்டாரை நன்னீர் விட்டுக் கழுவும் வழக்கம் அந்த வீட்டில் உண்டா என்பதையும், ஆண்களிடம் மட்டுமன்றி வீட்டாரிடமும் விசாரியுங்கள். தண்ணீர் சுமந்தவருக்கு அது நன்றாக நினைவிருக்கும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. நீர் இறைக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் என்பது சிறிய பாகம். ஆனால் தேய்ந்து போவது. நீங்கள் வாங்க எண்ணியிருக்கும் மாடலின் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, அந்தப் பாகத்தை உங்கள் ஊர்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அன்றே எடுத்துக் கொடுத்தால் இரண்டாக வாங்கி, ஒன்றைப் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 'ஆர்டர் கொடுத்தால் வரும்' என்று பதில் வந்தால், எத்தனை நாளில் என்று கேட்டு, அத்தனை நாள் படகு கரையில் கிடந்தால் வீட்டுச் செலவு எவ்வாறு நடக்கும் என்பதை வீட்டாருடன் அமர்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.