எங்கே கை வைக்கக் கூடாது?

நீவுவது, பிசைவது, அழுத்துவது, தட்டுவது: மசாஜில் கைக்கு உள்ள வேலை ஏறக்குறைய இவ்வளவுதான். ஆர்வம் உள்ளவருக்கு இரண்டு மாதத்தில் கை பழகிவிடும். அப்படியிருக்க, ஜப்பானில் இந்தத் தொழிலுக்கு வருபவர்களைப் பள்ளிப் படிப்பு முடித்த பிறகு குறைந்தது 3 ஆண்டுகள் ஏன் படிக்கச் சொல்கிறார்கள்? 1947-இல் வந்த சட்டப்படி அங்கே மசாஜ் செய்யத் தனி உரிமம் வேண்டும். அதற்குத் தேசிய அளவில் ஒரு தேர்வு உண்டு. உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்குறியியல், மறுவாழ்வு மருத்துவம் எல்லாம் அதில் பாடங்கள். கனடாவில் ஒன்டாரியோ போல உரிமம் கேட்கும் மாகாணங்களில் 2,200 மணி நேரப் பயிற்சி என்பது நெடுநாளாகப் புழங்கிவரும் அளவு. விரல்களைப் பழக்குவது மட்டுமே நோக்கம் என்றால் இவ்வளவும் வீண். யாரை, எப்போது, எந்த இடத்தில் தொடக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை காலம் பிடிக்கிறது என்பது என் வாதம்.

ஆடுசதையையே எடுத்துக்கொள்வோம். “ஒரு கால் மட்டும் ரெண்டு நாளா கடுக்குது, நல்லா அழுத்திவிடுங்க” என்று ஒருவர் வந்து படுக்கிறார். கை மட்டும் பழகியவர் உடனே எண்ணெயை எடுப்பார். படித்தவர் முதலில் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார். வலிக்கும் கால் மற்றதைவிட வீங்கியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா, புறங்கையை வைத்தால் சூடு தெரிகிறதா? சமீபத்தில் அறுவைச் சிகிச்சை நடந்ததா, நீண்ட நேரம் உட்கார்ந்தே பயணம் செய்தாரா, பெண் என்றால் கர்ப்பமா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா என்றெல்லாம் கேட்பார். வீக்கம், சிவப்பு, சூடு ஆகியவை காலின் ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருந்தால் வெளியே தெரியும் அடையாளங்கள்; மற்றவை அந்த ஆபத்தைக் கூட்டுபவை. அந்தக் கட்டியை அழுத்திப் பெயர்த்துவிட்டால் அது நுரையீரல் வரை போய் அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். சந்தேகம் வந்தால் கை வைக்காமல் மருத்துவரிடம் அனுப்புவதுதான் அங்கே சரியான சிகிச்சை. எலும்பு தேய்ந்த முதியவரின் விலா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரின் தோல், கழுத்தைச் சட்டென்று திருப்புவது என்று இந்தப் பட்டியல் நீளும். நெடுநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவரிடம் “வலிச்சா சொல்லுங்க” என்பதில்கூட அர்த்தமில்லை. அவருக்கு வலியே தெரியாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதற்கு ஜப்பானிலேயே ஆதாரம் இருக்கிறது. உரிமம் இல்லாதவர்கள் தரும் சிகிச்சைகளில், உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடிய செயலைத்தான் தடுக்க முடியும் என்று 1960-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த இடைவெளிக்குள் மசாஜ் என்ற பெயரைத் தவிர்த்து, உரிமம் இல்லாமலே பிடித்துவிடும் கடைகள் பெருகின. அரசு உரிமம் தேவைப்படாத இத்தகைய கைமுறைச் சிகிச்சைகளால் காயம்பட்டதாக 2009 செப்டம்பரிலிருந்து 2017 மார்ச் வரை 1,483 புகார்கள் வந்ததாக அங்குள்ள நுகர்வோர் விவகார முகமை வெளியிட்டது. அதில் 240 பேருக்கு ஒரு மாதத்துக்கும் மேல் சிகிச்சை தேவைப்பட்டது. முதுகெலும்பைச் சொடுக்கெடுக்கும் சிகிச்சைகளும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன என்பதையும், உரிமம் பெற்றவர் தவறே செய்யமாட்டார் என்று இது நிரூபிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் ‘சும்மா பிடித்துவிடுவதால் என்ன ஆகிவிடும்’ என்ற பேச்சு இதற்குப் பிறகு எடுபடாது.

கைராசியைப் பாடம் நடத்தி வரவழைக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பாட்டி எந்தக் கல்லூரியில் படித்தாள்? நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பாட்டிக்குப் பிள்ளையையும் தெரியும், பெற்றவளையும் தெரியும். நேற்று காய்ச்சல் அடித்ததும் தெரியும். மசாஜ் நிலையத்தில் வந்து படுப்பவர் முன்பின் தெரியாதவர், ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். பாட்டிக்குப் பழக்கம் தந்த அறிவை இங்கே படிப்புதான் ஈடுகட்ட வேண்டும். நம் மரபும் படிப்பை ஒதுக்கியதில்லை. சித்த மருத்துவம் தொக்கணம் என்ற பிடித்துவிடும் சிகிச்சையை ஒன்பது வகையாகப் பிரித்துச் சொல்கிறது; வர்மம் கற்றவர்கள் ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் இருந்து கற்றார்கள். தொடுதிறனுக்கும் ஏட்டறிவுக்கும் பகை என்று நினைப்பவர்கள் ஜப்பானின் பார்வையற்றவர்களைப் பார்க்கலாம். 17-ஆம் நூற்றாண்டில் பார்வையற்ற மருத்துவர் சுகியாமா வாயிச்சி அவர்களுக்காகப் பயிற்சிக்கூடம் நடத்தினார். இன்றும் பார்வையற்றோர் பள்ளிகளில் இந்தத் தொழிலைக் கற்பிக்கிறார்கள். விரல் நுனியில் உலகை அறிபவர்களும் அதே தேர்வை, பிரெய்லில் எழுதித்தான் உரிமம் பெறுகிறார்கள்.

நம் ஊரில் மசாஜ் என்ற சொல்லுக்கு ஒட்டிக்கொண்ட கெட்ட பெயரையும் படிப்புதான் துடைக்கும். 1894-இல் லண்டன் மசாஜ் நிலையங்கள் சிலவற்றில் பாலியல் தொழில் நடப்பதாக பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதியது. அதே ஆண்டு செவிலியர்கள் நான்கு பேர் கூடி, தேர்வும் நடத்தை விதிகளும் வைத்து ஒரு சங்கம் கண்டார்கள். பிரிட்டனின் பிசியோதெரபி சங்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான். இங்கே நாம் கேமராவிடம் போனோம். 2021 டிசம்பரில் ஸ்பாக்களில் சிசிடிவி வைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி உத்தரவிட்டார். அடுத்த மாதமே மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி அது அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்றார். ஆடுசதையில் ரத்தக்கட்டி இருப்பதை எந்தக் கேமராவும் கண்டுபிடிக்காது.

மூன்று ஆண்டு படி என்றால் ஏழைகளின் பிழைப்பில் மண் விழாதா என்பது கனமான ஆட்சேபம். அதற்கு தாய்லாந்து ஒரு வழி காட்டுகிறது. அங்கே ஸ்பாவில் வேலை பார்க்க 150 மணி நேரப் பயிற்சி போதும். மருத்துவ நோக்கில் செய்ய அதற்கும் மேலே பல நூறு மணி நேரம் படிக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படி ஏறலாம். இந்தியாவில் ஸ்பா தெரபிஸ்ட் பயிற்சிகளும் சான்றிதழ்களும் இருக்கின்றன. அவை இருந்தால்தான் தொழில் செய்யலாம் என்ற கட்டாயம் நாடு முழுவதற்கும் இல்லை. அது வரும்வரை, இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்களே விசாரித்துக்கொள்ள வேண்டியதுதான். உடற்கூறு யார் எடுக்கிறார்கள், அவர் என்ன படித்தவர், தேர்ந்தவர் பக்கத்தில் நிற்க எத்தனை மணி நேரம் நிஜ உடம்பில் பழகலாம் என்று கேளுங்கள். எந்தெந்த நிலையில் மசாஜ் செய்யக் கூடாது என்று எழுத்தில் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.