எல்லைக்கல்லும் எல்லைத்தெய்வமும்: பண்டை இசுரவேல் திருநூலும் மலாக்காத் தோட்டங்களும்

அயலானின் எல்லைக்கல்லை நகர்த்துதலைப் பண்டை இசுரவேலரின் திருநூல் வெறும் நிலத் தகராறாகக் கருதவில்லை. உபாகமத்தின் 19ஆம் அதிகாரம் அதனைத் தடைசெய்கிறது. 27ஆம் அதிகாரம் அதனைச் சாபத்திற்குரிய செயல்களுள் வைக்கிறது. பாபிலோனியரும் தம் நிலக்கொடைக் கற்களில் தெய்வச் சின்னங்களையும் சாபங்களையும் பொறித்தனர். ஆகவே கல்லுக்குத் தெய்வக்காவல் தேடுதல் இசுரவேலர்க்கு மட்டும் உரியதன்று. அவர்தம் தனித்தன்மை நில உடைமை பற்றிய கருத்தில் உள்ளது. நிலம் இறைவனுடையது, மக்கள் அதில் தங்குவோரே என்பது லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின் கருத்து. எனவே நிலத்தை நிரந்தரமாக விற்றலாகாது. ஐம்பதாம் ஆண்டில் அது மூலக்குடும்பத்தையே சேர வேண்டும். நாபோத்து தன் முன்னோரின் திராட்சத் தோட்டத்தை ஆகாப் மன்னனுக்குத் தர மறுத்து உயிரிழந்தமைக்கும் இதுவே அடிப்படை. மன்னன் விலையும் மாற்று நிலமும் தர முன்வந்தான் என்பதையும் ஈண்டுக் கருத வேண்டும்.

இனி மலாக்காவை நோக்குவோம். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதிலிருந்து இம்மாநிலத்தின் வணிக ரப்பர்த் தோட்ட வரலாறு தொடங்குகிறது. பின்னர் பெருகிய தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மாரியம்மனை லயங்களுக்கு அருகே வைத்தனர். முனீசுவரரையும் மதுரை வீரனையும் பெரும்பாலும் விளிம்பில், மரத்தடியில் நிறுத்தினர். ஒரு கல், ஒரு சூலம், சிறிது மஞ்சள் குங்குமம் போதுமானவையாக இருந்தன. ஊர் எல்லையில் ஐயனாரை வைத்த மரபே இங்குப் பால்மரக் காட்டின் ஓரத்திற்கு வந்தது. அவ்வெல்லை காட்டையும் குடியிருப்பையும் பிரித்தது. இரவில் நடப்போர்க்குத் துணை நின்றது.

எனினும் அதே விளிம்பில் நில அளவையாளரின் கல்லும் இருந்தது. உடைமையைக் காட்டியது அக்கல்லே. இசுரவேலில் தெய்வம் காத்த எல்லையும் குடும்பம் உழுத நிலத்தின் எல்லையும் ஒன்றே. தோட்டத்திலோ, காத்தவரும் காக்கப்பட்டவரும் பங்கற்றவர்கள். இவ்வேறுபாட்டை விட்டுவிட்டு ஒப்புமை மட்டும் காட்டும் ஆய்வு முழுமையானதாகாது.

1950களிலும் 1960களிலும் ஐரோப்பியர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இதன் விளைவு வெளிப்பட்டது. புதிய உரிமையாளருக்கு அளவைக்கல் பொருளுடையது. சூலம் நின்ற இடத்திற்குப் பட்டா இல்லை. எத்தனை ஆண்டுகள் வழிபட்டிருப்பினும், நெடுங்கால அனுபோகத்தால் அரசு நிலத்தில் உரிமை பிறவாது என்பது 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு; தனியார் நிலத்திலும் பதிவுபெற்ற உரிமையே வலிமையுடையது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கும் முயற்சியாகும். அதனை வெறும் பொருளாதார நடவடிக்கையாக மட்டும் எழுதுவது வழக்கம். வழிபட்ட மண்ணில் பங்கு தேடும் முயற்சியாகவும் அதனைக் காணலாம் என்பது என் கருத்து.

மலாக்கா நகரில் இதற்கு மாறான நிலை உண்டு. ஜாலான் துக்காங் எமாசில் உள்ள பொய்யாத விநாயகர் கோவில், டச்சு ஆட்சியினர் அளித்த நிலத்தில் செட்டிச் சமூகத்தினரால் 1781இல் எழுப்பப்பட்டது. ஆட்சிகள் பல மாறியும் கோவில் இடம் மாறவில்லை. பக்தியில் தோட்டத்தார் குறைந்தவரல்லர்; நிலத்தில் பெற்ற உரிமையே வேறுபாடு.

லேவியருக்கும் நிலப்பங்கு இல்லையே, இறைவனே அவர்தம் பங்கு அல்லவா என்று வினவலாம். ஆயினும் அவர்கள் குடியிருக்க 48 நகரங்களும் அவற்றைச் சூழ்ந்த மேய்ச்சல் நிலங்களும் அளந்து தரப்பட்டன என்று எண்ணாகமம் 35ஆம் அதிகாரம் கூறுகிறது.

தோட்ட வரலாறுகளைத் திரட்டும் ஆசிரியர்கள் கோவிலின் பெயரையும் திருவிழா நாளையும் தவறாது குறிக்கின்றனர். தெய்வம் முதலில் எந்த எல்லையில் நின்றது, எத்திசை நோக்கியது, எப்போது, எவர் சொல்லி நகர்த்தப்பட்டது என்பவற்றையும் முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். வீடமைப்புப் பகுதியின் ஓரத்திற்கு இடம் பெயர்ந்த முனீசுவரரை எல்லைக் காவலர் என்றே இன்றும் அழைப்போர் உளர். அவ்வெல்லை எது என்று காட்டக்கூடியோர் குறைந்து வருகின்றனர்.