ஊர்க்குளமும் ஊராட்சியும்

நாட்டு அரசியலைப் பற்றி நம்மவர் நாள்தோறும் பேசுகின்றனர். எக்கட்சி எக்கட்சியோடு சேரும் என்பது தேநீர்க்கடை முதல் திருமண வீடு வரை ஆராயப்படுகின்றது. ஆயினும், தம் வீட்டு ஒழுங்கையில் வெள்ளம் வடியாது நிற்பதேன், ஊர்க்குளம் தூர்ந்து கிடப்பதேன் என வினவுவோர் மிகச் சிலரே. இவ்வினாக்களுக்குரிய விடையைப் பிரதேச சபையிலும் கமநல சேவை நிலையத்திலுமே தேடவேண்டும். குடிநீரும் கமத்தொழிலும் இவ்விரு நிலையங்களின் பணியோடு எத்துணை நெருங்கிய தொடர்புடையன என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் சிறப்பாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஊரவர் கூடி ஊர்க்கருமம் ஆற்றுதல் இலங்கைக்குப் புதிய வழக்கமன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் நலிவுற்றிருந்த அம்முறைமை, தேசாதிபதி ஹென்றி வாட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டத்தால் ஓரளவு உயிர்பெற்றது. பழைய வழக்கப்படி வயலுக்கு நீர் பங்கிடவும் பிணக்குத் தீர்க்கவும் அஃது இடமளித்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு அடிகோலியது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் கமக்காரரைக் கொண்ட பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981இல் மறைந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்வழிப் பிரதேச சபைகள் தோன்றின.

பொதுச் சுகாதாரம், பொது வழிகள், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் ஆகியவற்றைப் பேணுதல் பிரதேச சபையின் கடமையாகும். சந்தை, வடிகால், மயானம், நூலகம், குப்பை அகற்றல் என்பன இவற்றுள் அடங்கும். சிறு குளங்களைப் பேணல், பசளை விநியோகம், கமக்காரர் அமைப்புக்களைப் பதிவு செய்தல் முதலியன கமநல சேவை நிலையத்தின் பாற்பட்டவை. பொறுப்புக்கள் இவ்வாறு பிரிந்திருப்பினும், நீர் அப்பிரிவினையை அறியாது. ஒழுங்கை மதகு அடைபட்டால் மழைநீர் குளத்தைச் சென்று சேராது. வாய்க்கால் மேட்டில் மதிலெழுந்தால் குளத்தை ஆழமாக்கியும் பயனில்லை. ஆதலின், இரு நிலையத்தாரும் ஒருங்கிருந்து திட்டமிடாத ஊரில் இருவர் செலவும் வீணாகும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நமது பெருஞ்செல்வம். அந்நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடு இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. குளங்கள் நிறைந்தால் அப்படை தடிக்கும். குளங்கள் தூர்ந்து, இயந்திரங்கள் இரவுபகலாக இறைத்தால், உவர்நீர் மேலேறிக் கிணறுகளைக் கெடுக்கும். வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் மிதமிஞ்சி இடப்படும் இரசாயனப் பசளையின் நைத்திரேற்று, மலசலகூடக் குழிகளின் கசிவோடு சேர்ந்து கிணற்று நீரில் கலக்கின்றது. நைத்திரேற்று மிகுந்த நீரிற் கரைத்த பால்மா கைக்குழந்தையின் இரத்தத்திற்குத் தீங்கு செய்யும் என்பதைத் தாய்மார் அறிதல் நன்று.

இவ்விடத்திற் சபையின் பணி கமக்காரனின் தோட்டத்தையும் எட்டுகின்றது. சந்தையில் மிஞ்சும் மரக்கறிக் கழிவையும் வீட்டுக் குப்பையையும் தரம்பிரித்துக் கூட்டுப்பசளையாக்கினால், ஒருபுறம் சுகாதாரம் ஓங்கும். மறுபுறம் நிலம் வளம்பெறும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது நாடெங்கும் கமக்காரர் இடருற்றனர். சேதனப் பசளையை ஒரே நாளில் ஆக்கிவிட முடியாது. அமைதியான காலத்திலேயே ஊர்தோறும் அதனை ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்பதே அவ்வாண்டு புகட்டிய பாடமாகும்.

சபைகளின் பதவிக்காலம் 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முடிவுற்றது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் தேதி தேர்தல் நடைபெறும்வரை, மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் இன்றியே அவை இயங்கின. ஈராண்டாக உறுப்பினர் இல்லாதிருந்ததைப் பல ஊர்களிற் பலர் பொருட்படுத்தவேயில்லை. சபையின் வலுவின்மைக்குப் பணக்குறைவு ஒரு காரணமாயின், இப்பாராமுகம் மற்றொரு காரணமாகும்.

பொதுமக்கள் செய்யத்தக்கது யாது? சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவரும் இடம்பெறச் சட்டம் வழி வைத்துள்ளது. அவ்வாய்ப்பைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். சனசமூக நிலையத்தார் மாரிக்கு முன்னரே மதகுகளையும் வாய்க்கால்களையும் பார்வையிட்டு, குறைகளை எழுத்தில் தவிசாளருக்கு அறிவிக்கலாம். பெண்கள், கிணற்று நீரின் மாற்றத்தை முதலில் உணர்பவர்களாதலின், கூட்டங்களிற் கட்டாயம் பேசுதல் வேண்டும். மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து குறித்து வைப்பாராயின், சில ஆண்டுகளில் ஊருக்கு ஒரு நல்ல நீர்க்கணக்குக் கிடைக்கும்.

குளம் எல்லோர்க்கும் பொது என்பர். பொது என்றதனாலேயே ஒருவரும் கவனியாத பொருளாக அதனை விட்டுவிட்டோம். வரும் மாரிக்கு முன், நம் ஊர்க்குளம் எந்நிலையத்தின் பொறுப்பிலுள்ளது, அதற்கு நீர் வரும் வழி எது, அவ்வழி திறந்திருக்கின்றதா என்னும் மூன்றையும் ஒவ்வொரு குடும்பத்தாரும் அறிந்துகொள்வாராக.