வேலியோரம் – 19: இருபத்திரண்டும் இல்லை, இருநூற்றைம்பதும் இல்லை

வேல்ஸ் மலைச்சரிவில், ஈன்ற ஆட்டுக்கும் அதன் குட்டிக்கும் நடுவே நரியை நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். போன வாரத்தைத் தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். அந்த ஆட்டுக்காரர் எந்தத் துப்பாக்கியை எடுப்பார், இருட்டில் நரியை எப்படிப் பார்ப்பார் என்று இரண்டையும் இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பாதிதான் நிறைவேறப்போகிறது. மீதியைத் தின்றது ஒரு தோட்டாவின் பெயர்.

முதலில், ஏன் துப்பாக்கி? பிரிட்டனில் நரிக்கு நஞ்சு வைப்பது குற்றம். வேட்டைநாய்களை ஏவித் துரத்திக் கொல்வதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. கம்பிக் கண்ணி வைப்பதை வேல்ஸ் 2023-இல் தடைசெய்தது. வேலியும் கூண்டும் போக, குட்டி போடும் பருவத்தில் ஆட்டுக்காரர் கையில் மிஞ்சுவது ரைபிள். அதுவும் சும்மா கிடைக்காது. 1968-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். எதற்கு வேண்டும், எந்த நிலத்தில் சுடப்போகிறாய் என்று கேட்பார்கள். என்ன கேலிபர், ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் ஏறும்.

(நம் ஊர் வாசகர் யாரும் இதைப் படித்துவிட்டுக் கொல்லைப்புறம் போக வேண்டாம். இங்கே குள்ளநரியையும் வங்கா நரியையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்கா நரியைப் பிடித்து வந்து ஓடவிடும் வழக்கத்துக்கே வனத்துறை தடை போட்டு அபராதம் விதிக்கிறது.)

இனி கேலிபர். ஆட்டுக்காரர் கடைக்குப் போனால் அவர் முன் வந்து விழும் பெயர்கள் இவை: .17 எச்எம்ஆர், .22 ரிம்ஃபயர், .22 ஹார்னெட், .222, .223, .22-250, .243. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்தவர் என்ன நினைப்பார்? எண் என்பது அங்குலத்தில் குண்டின் விட்டம்; .222-ஐவிட .223 ஒரு மயிரிழை பெரிசு என்று நினைப்பார். நானும் செவ்வாய்க்கிழமை வரை அப்படித்தான் நினைத்தேன்.

.222-இல் போகும் குண்டின் விட்டம் .224 அங்குலம். .223-இல் போவதும் .224. .22-250-இலும் .224. 1935-இல் வந்த .220 ஸ்விஃப்ட்டிலும் அதே .224 தான். நாலு பெயர், குண்டின் பருமன் ஒன்றே. ரைபிள் குழலின் உள்ளே சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு சுழன்றுகொண்டு போவது அதனால்தான். மேட்டுக்கு மேடு அளந்தால் ஒரு எண் வரும், பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் இன்னொன்று. போதாக்குறைக்கு, ஏற்கெனவே சந்தையில் உள்ள தோட்டாவோடு குழம்பக் கூடாதே என்று ஒன்றிரண்டைக் கூட்டியோ குறைத்தோ பெயர் வைத்துவிடுவார்கள்.

என் தூக்கத்தைக் கெடுத்தது .22-250. இதன் தாய் 1915-இல் அமெரிக்காவில் சாவேஜ் கம்பெனி விற்ற .250-3000 என்ற தோட்டா. சார்ல்ஸ் நியூட்டன் வடிவமைத்தது. அந்த 3000 என்ன? நொடிக்கு மூவாயிரம் அடி வேகம்! அந்த நாளில் கடையில் விற்ற அமெரிக்கத் தோட்டா எதுவும் அந்த வேகத்தைத் தொட்டதில்லை. நியூட்டனின் விருப்பம் 100 கிரெயின் எடையுள்ள குண்டு. அதைப் போட்டால் மூவாயிரம் தேறாது என்று கம்பெனி 87 கிரெயினுக்குக் குறைத்துக்கொண்டது. விளம்பரப் பலகைக்காகக் குண்டு இளைத்தது. பின்னால் வந்த துப்பாக்கிப் பிரியர்கள் அந்தத் தோட்டாவின் கழுத்தை நெரித்துச் சிறுக்கவைத்து .22 குண்டைச் செருகினார்கள். 1930-களில் தொடங்கிய இந்தக் கைவேலையை 1965-இல் ரெமிங்டன் கம்பெனி முறைப்படி விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆக .22-250 என்றால், .22 குண்டு, .250 வீட்டுப் பிள்ளை. ஆனால் குண்டு உண்மையில் .224, அந்த .250-இன் குண்டோ .257. பெயரில் உள்ள இரண்டு எண்ணும் பொய்! ஒரு பெயருக்குள் இரண்டு பொய்யை வைத்துக்கொண்டு குறி தவறாமல் சுடுகிற சாமான் இது.

இந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளத் திருப்பூரில் நூல் ஏஜென்ட்டாக இருக்கும் என் மச்சானுக்குப் போன் போட்டேன். ரைபிளை விட்டு ஷாட்கன் பக்கம் பேச்சுப் போயிற்று. நம் ஊர் லைசென்ஸ் துப்பாக்கியைப் ‘பன்னிரண்டு போர்’ என்கிறோம். இருபது போர் இதைவிடச் சின்னது. எண் கூடினால் குழல் ஏன் சிறுக்கிறது என்றால், ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை நுழையும் குழல் பன்னிரண்டு போர். இருபதாக்கினால் இருபது போர். சொல்லி முடிப்பதற்குள் மச்சான் குறுக்கிட்டார்.

“நூலும் அதேதானுங்களே மாப்ள. நாப்பதாம் நம்பரு இருபதைவிட மெலிசு. இதுகூடத் தெரியாமயா எழுதிட்டிருக்கீங்க?”

உண்மைதான். 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு பஞ்சு நூலில் நாற்பது சிட்டம் வந்தால் நாற்பதாம் நம்பர். அதே இங்கிலீஷ்காரன், அதே பவுண்டு. ஒன்றில் ஈய உருண்டையை எண்ணினான், இன்னொன்றில் நூல் சிட்டத்தை எண்ணினான். பனியன் கம்பெனியில் ஓடுகிற கணக்கும் வேல்ஸ் கொட்டகையில் மாட்டியிருக்கிற ஷாட்கன்னின் கணக்கும் ஒரே தராசில் பிறந்தவை.

கிரெயின் என்றேனே, அதுவும் இந்த ஜாதிதான். பார்லி மணி ஒன்றின் எடையிலிருந்து வந்த அளவு. நம் பத்தர்கள் நெல்லையும் குன்றிமணியையும் வைத்துப் பொன்னை நிறுத்தார்கள். இங்கிலீஷ்காரர்கள் பார்லியை வைத்தார்கள். நரிக்குப் பரவலாகப் பயன்படும் .223 தோட்டாவில் 55 கிரெயின் குண்டு வழக்கம். கிராமில் சொன்னால் 3.56. அரைப் பவுன் மோதிரத்தைவிடக் குறைந்த எடை, நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது.

ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டாவது போன் வந்துவிட்டது. ஆகவே தேர்வுக்கு வருகிறேன்.

நரியைச் சுட இன்ன கேலிபர்தான் வேண்டும் என்று அங்கே சட்டம் நிர்ணயிக்கவில்லை. அடர்ந்த மயிரால் பெரிதாகத் தெரிந்தாலும் நரி பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டுக் கிலோ. நம் தெருநாயைவிட லேசு. நெஞ்சில் குறிவைக்கும் இடம் உள்ளங்கை அகலம்தான். அங்கே படாமல் வயிற்றிலோ காலிலோ பட்டால், அது புதருக்குள் போய் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். எனவே குண்டின் பலத்தைவிட, அந்த உள்ளங்கையில் நிச்சயமாக விழுமா என்பதே முதல் கேள்வி.

சின்ன .22 ரிம்ஃபயர் முயலுக்கானது. ஐம்பது கஜத்துக்குள், கோழிக்கூண்டு ஓரத்தில் வந்த நரிக்குச் சிலர் எடுப்பார்கள். அதற்கு மேல் எட்டவைப்பது நரிக்குச் செய்யும் கொடுமை. .17 எச்எம்ஆர் 2002-இல் வந்தது. வேகம் உண்டு, ஆனால் குண்டு 1.1 கிராம், காற்றடித்தால் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். ஹார்னெட் என்றால் கதண்டு. 1930-இலேயே வின்செஸ்டர் இதன் தோட்டாவை விற்கத் தொடங்கிவிட்டது. அப்போது இதற்கென்று தொழிற்சாலையில் செய்த ரைபிளே கிடையாது. செருப்பு வந்த பிறகு கால் முளைத்த கதை! சத்தம் குறைவு என்பதால் வீடுகள் நெருங்கிய பண்ணைகளில் இன்றும் இதற்கு மதிப்பு உண்டு.

நடுவில் நிற்கிறது .223. அமெரிக்க ராணுவத்துக்காக உருவான தோட்டாவின் வீட்டுப் பிள்ளை. எங்கும் கிடைக்கும், விலை சகாயம், இருநூறு கஜம் வரை உள்ளங்கையைத் தவறவிடாது. .22-250 இன்னும் தூரம் எட்டும். சத்தமும் மருந்தும் அதிகம், குழலும் சீக்கிரம் தேயும். .243 வாங்குகிறவர் பெரும்பாலும் மானையும் மனத்தில் வைத்திருப்பவர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய மான்களுக்கு .240-க்குக் குறைந்த ரைபிள் கூடாது என்பது சட்டம். இரண்டு வேலைக்கும் ஒரே ரைபிள் போதும் என்பவருக்கு அது.

ஒன்று மட்டும் பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். சின்ன .22 தான் பத்திரம் என்று நினைப்போம். மெதுவாகப் போகிற அந்த ஈயக் குண்டு கல்லிலோ நீரிலோ பட்டால் உடையாமல் எகிறிப் பாயும். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் ஒரு மைலுக்கு மேலும் போகும். வேகமான மெல்லிய குண்டு பட்ட இடத்திலேயே பெரும்பாலும் சிதறிவிடும். அதற்காக எந்தக் குண்டையும் நம்பிவிட முடியாது. நரிக்குப் பின்னால் மண் தெரிய வேண்டும்: ஒரு மேடோ, சரிவோ, உழுத கரையோ. மலை முகட்டில் வானத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிற நரியை, அது நேற்று நாலு குட்டியைத் தின்றிருந்தாலும், விவரம் தெரிந்தவர் சுடமாட்டார்.

நரியை எப்படி வரவழைக்கிறார்கள் என்பது தனிக்கதை. தெர்மோகோல் துண்டை நனைத்து வண்டிக் கண்ணாடியில் தேய்க்கிறார்கள். அடிபட்ட முயல் கத்துவதுபோலக் கீச்சென்று ஒரு சத்தம் எழும்; இருட்டில் இரண்டு கண் மினுங்கிக்கொண்டு நெருங்கும். தெர்மோகோல் என்றதும் நமக்கு, நீர் ஆவியாகாமல் இருக்க 2017-இல் அதை மிதக்கவிட்ட வைகை அணைதான் நினைவுக்கு வரும். ஆவியாவதை நிறுத்தாவிட்டாலும் அது நரியை நிறுத்துகிறது.

அந்தக் கண்களையும், உடம்புச் சூட்டை வைத்தே நரியைக் காட்டும் வெப்பக் கண்ணாடியையும், அதில் செம்மறிக் குட்டியும் நாயும் நரியும் எவ்வளவு ஒன்றுபோலத் தெரியும் என்பதையும் அடுத்த வாரம் எழுதுகிறேன். இந்த முறை தப்பாது.

என் தீர்ப்பு வேண்டுமென்றால்: .223, அதுவும் பின்னால் மண்மேடு இருந்தால். மேடு இல்லாத நிலத்துக்கு எந்த எண்ணும் சரியான எண் அல்ல.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நம்பர் கூடக்கூடப் பொருள் சிறுத்துக்கொண்டே போகும் சாமான்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். துப்பாக்கி, நூல், கம்பி, உப்புத்தாள் என நாலு சேர்ந்துவிட்டன. உங்கள் தொழிலில் ஐந்தாவது ஒன்று இருந்தால் எழுதுங்கள்.