வலை கட்டாதவர்கள்

போகிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் ஒட்டடைக் குச்சி என் கைக்கு வந்துவிடும். பணி ஓய்வுக்குப் பிறகு கிடைத்த பதவி இது. மூலையில் நூல்நூலாகத் தொங்குவதைத் தொட்டால் போதும், அதிலிருக்கும் நீளக்கால் சிலந்தி உருவமே தெரியாத வேகத்தில் குலுங்க ஆரம்பித்துவிடும். எதிரிக்குக் குறி தப்ப வேண்டும் என்பதற்கான ஆட்டம் அது. வாயில் முட்டைக் கொத்தைக் கவ்விக்கொண்டிருந்தால் அது தாய். அந்த மூலையை மட்டும் விட்டுவிடுவேன். “ரிட்டயர் ஆனதும் கண்ணும் போச்சா?” என்பாள் மனைவி.

சிலந்தி என்றதும் நமக்கு வலைதான் நினைவுக்கு வருகிறது. இதுவரை பெயர் சூட்டப்பட்டிருக்கும் 50,000-க்கும் மேற்பட்ட இனங்கள் எல்லாவற்றுக்கும் நூல் சுரக்கும். ஆனால் ஏராளமானவை அதைக் கொண்டு இரைக்கு வலை விரிப்பதில்லை. எனக்குப் பிடித்தவை இந்த வலை கட்டாத கூட்டம்தான்.

எங்கள் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் ஒன்று குடியிருக்கிறது. உள்ளங்கையை அடைக்கும் அகலம், அட்டை போலத் தட்டையான உடம்பு. பகலெல்லாம் அசையாது. இரவில் விளக்கணைத்ததும் இறங்கிவந்து கரப்பானைத் துரத்திப் பிடிக்கும். பெண் சிலந்தி வட்டமான முட்டைப் பையை வயிற்றடியில் அணைத்தபடியே சுவரில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘எட்டுக்கால் பூச்சி எச்சில் வைத்துவிட்டது’ என்று கழுத்துக் கொப்புளத்துக்கு இதைக் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் அது விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஒரு சின்ன வண்டின் வேலை. தூக்கத்தில் நாம் அதை நசுக்கிவிட, அதன் சாறு பட்டுத் தோல் வெந்துபோகிறது. பழி மட்டும் சிலந்திக்கு.

கொல்லை மாமரத்தில் முசுறுக் கூடு இருக்கிறது. அந்த எறும்புகளோடு எறும்பாக ஒரு குதிக்கும் சிலந்தி திரிகிறது. அதே நிறம், அதே இடுப்பு. எட்டுக் காலில் முன்னிரண்டைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டும். முசுறு கடிக்குப் பயந்து குருவி ஒதுங்கிப்போகும் என்ற கணக்கு. ஆனால் உண்மையான முசுறு எதிரே வந்தால் இது நழுவிவிடும். விரல் நீட்டினேன், நூலில் தொங்கிக் கீழே இறங்கியது. எந்த எறும்பு நூல் விடும்? வேஷம் கலைந்தது.

ராமேசுவரத்தில் பழைய புளியமரப் பொந்துகளில் வாழும் பெரிய, மயிரடர்ந்த சிலந்தி ஒன்று உண்டு. 2004-இல் அறிவியல் பெயர் பெற்றபோது, அங்குள்ள ஒரு கோயிலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் இருக்கிறது. அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலில் அது சேர்ந்துவிட்டது. கிழட்டு மரம் விழுந்தால் அதற்கு வீடு போயிற்று.

என் பிழைப்போடு சம்பந்தப்பட்ட சிலந்தி நெல் வயலில் இருக்கிறது. ஓய்வு பெறும்வரை விவசாயிகளுக்கு யோசனை சொல்வதுதான் என் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு தாளடிப் பயிரில் புகையான் விழுந்தது. அடித்தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி அது. பயிர் வட்ட வட்டமாகப் புகைந்ததுபோல் காயும். மருந்தடிக்கச் சொன்னேன். சில வாரம் கழித்து அந்த விவசாயி வந்து நின்றார். “சார், அடிச்ச வயல்லதான் சார் அதிகம். பக்கத்து வயல்காரர் அடிக்கவே இல்ல, அவருக்குப் பரவால்ல.”

இறங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. பக்கத்து வயலில் காலடி பட்டதும் தண்ணீர் மேலேயே சிலந்திகள் ஓடின. முதுகில் கவை போன்ற கோடு போட்ட ஓநாய்ச் சிலந்தி. ஒன்று முட்டைப் பையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது; இன்னொன்றின் முதுகில் குஞ்சுகள் அப்பியிருந்தன. ஒரு தாய் 60 முதல் 80 குஞ்சு வரை சுமக்கும். வலை கிடையாது, துரத்திப் பிடிக்கும். ஒரு நாளைக்கு 5 முதல் 15 இரை வரை தின்னும். நான் சொல்லி அடித்த மருந்து முதலில் கொன்றது இவற்றை. புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருந்தது. பொரித்து வந்தபோது தின்ன ஆளில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே சிலந்திக்குக் கணக்கு இருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் வந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால், தூருக்கு 2 வரை பொறுக்கலாம். அந்த வரியை நான் அதற்கு முன்பு படித்திருந்தேன்; வயலில் எண்ணிப் பார்த்ததில்லை.

புகையான் என்று யாராவது சொன்னால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். காலையில் வயலில் இறங்கி, ஒரு குத்தை இரண்டு கையாலும் விரித்து, தண்ணீருக்கு மேலே அடித்தூரைப் பாருங்கள். வயலின் நடுவிலும் நான்கைந்து இடத்தில் பாருங்கள், வரப்போரம் மட்டும் போதாது. புகையானை எண்ணும்போது சிலந்தியையும் சேர்த்து எண்ணுங்கள்.