பழுப்பு வயர் பழுப்பாகவே இருக்கட்டும்

பழைய காரை வாங்கி மீட்டெடுப்பவர்கள் டிங்கரிங்குக்கும் பெயிண்டிங்குக்கும் அள்ளிக் கொடுக்கிறார்கள். பம்பருக்குப் புதுக் குரோமியம், சீட்டுக்குப் புது உறை என்று செலவு நீள்கிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயர்களை மட்டும், ‘எரியுதில்ல, விடுங்க’ என்று விட்டுவிடுகிறார்கள். அறுபது ஆண்டு வெக்கை தின்ற வயர் அது. லேசாக வளைத்தாலே உறை வெடித்து உதிர்கிறது, உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கிறது. அந்த நிலையில் ஒரு வயர் தகரத்தில் உரசினால் போதும், பளபளக்கும் பெயிண்டோடு சேர்த்து வண்டியே எரிந்துபோகலாம். என்னைக் கேட்டால் வயரிங்தான் முதல் வேலை, பெயிண்ட் கடைசி.

மோரிஸ் மைனர் 1000 காரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் வெளிவந்தது மைனர். 1956-லிருந்து அதன் பெயரோடு 1000 சேர்ந்தது. இந்தியாவில் இதன் முதல் வடிவம் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்று ஓடியது. டாஷ்போர்டின் நடுவில் வட்டமாக ஒரே ஒரு ஸ்பீடோமீட்டர். பெட்ரோல் முள்ளும் எச்சரிக்கை விளக்குகளும் அதற்குள்ளேயே அடக்கம். இவ்வளவுதானே என்று கையை விட்டுப் பார்த்தால், விரல் நுழைய இடமில்லாமல் வயர்கள்.

ஆனால் அது புரியாத சிக்கல் இல்லை. கார்களுக்கு மின்சாதனம் செய்த லூகாஸ் நிறுவனம் வகுத்த நிற ஒழுங்கு ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலும் அதன்படிதான் வயர் இழுக்கப்பட்டது. பழுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவி போடாவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கும். வெள்ளை, சாவியைத் திருப்பிய பின் இக்னிஷன் காயிலுக்குப் போவது. அதுவே ஃபியூஸ் வழியாக வெளியே வந்தால் பச்சை. வைப்பர், பிரேக் லைட், இண்டிகேட்டர், பெட்ரோல் முள் எல்லாம் பச்சையின் பொறுப்பு. பச்சையில் சிவப்புக் கோடு ஓடினால் இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு ஓடினால் வலது. நீலம் ஹெட்லைட்டுக்கு: வெள்ளைக் கோடு பிரைட், சிவப்புக் கோடு டிம். சிவப்பு, பார்க்கிங் விளக்குக்கும் பின்விளக்குக்கும். கறுப்பு எர்த். இதை மனப்பாடம் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். அதன்பின் எந்த முனையைப் பிடித்தாலும் மறுமுனை எங்கே போகும் என்று சொல்லிவிடலாம்.

அதனால்தான், கடையில் கிடைத்த ஒரே நிற வயரை வாங்கி எல்லா இடத்திலும் இழுத்துவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. இன்றைக்கு விளக்கு எரியும். அடுத்த முறை பழுது வரும்போது, பார்க்க வருகிற எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு வயராகத் தடவித் தடவித் தேட வேண்டியிருக்கும்.

மைனரில் இருப்பவை இரண்டே ஃபியூஸ்கள், ஒவ்வொன்றும் 35 ஆம்பியர். பழுப்புக்கும் வெள்ளைக்கும் ஃபியூஸ் கிடையாது, ஹெட்லைட்டுக்கும் கிடையாது. ஒரு ஃபியூஸ் போனதற்காக நடுவழியில் இன்ஜின் அணையக்கூடாது, இரவில் சாலை இருண்டுவிடக்கூடாது என்பது அன்றைய கணக்கு. உறை புதிதாக இருந்தவரை அது சரி. உறை உதிர்ந்த வயரில் ஷார்ட் ஆனால், தடுக்க எதுவுமில்லாமல் சூடேறி, ஒட்டிக் கிடக்கும் வயர்களையும் உருக்கிவிடும். ஹெட்லைட்டுக்கு இரு பக்கமும் தனித்தனி ஃபியூஸ் சேர்ப்பதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அசல் கெட்டுவிடும் என்று சிலர் வருந்துகிறார்கள். நிறமும் வழித்தடமும் மாறாதவரை அசல் எங்கும் போகாது.

மைனர் போன்ற வண்டிகளின் எளிமையின் அருமை யாழ்ப்பாணத்துக்குத் தெரியும். 1990-களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோலும் பேட்டரியும் அங்கே எட்டாப் பொருள்களாயின. மோரிஸ் மைனரையும் ஆஸ்டின் ஏ40-ஐயும் கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உதிரிபாகம் வராத ஊரில், திறந்து பார்த்தால் விளங்கிவிடும் வண்டிதான் ஓடும். அப்படி ஓடிய வண்டிகளுக்கு இன்று முறையான வயரிங் செய்து கொடுப்பது அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

வேலைக்கு வருவோம். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். படம் எடுத்தால் மட்டும் போதாது, பழைய வயரின் நிறம் மங்கிப்போயிருக்கும். ஒவ்வொரு முனையிலும் அது எதில் மாட்டியிருந்தது என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள். பழைய வயர்க் கட்டை வெட்டாமல் முழுதாக உருவி எடுத்து, பிளைவுட் பலகையில் பரப்பி, கிளை பிரியும் இடங்களில் ஆணி அடித்தால் புதுக் கட்டுக்கு அதுவே அச்சு. சிறு விளக்குகளுக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர், ஹெட்லைட்டுக்கு 2, பழுப்பு மெயினுக்கு 3. முனைகளைச் சரியான கருவியால் கிரிம்ப் செய்வதே நல்லது. சால்டர் ஊறிய இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் முறிகிறது. சாதாரண இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் பசை கக்கி நழுவும், ஒட்டாத ஹார்னஸ் டேப்பே வேண்டும். இன்ஜின் அறைத் தகரத்தில் வயர் நுழையும் துளைகளுக்குப் புது ரப்பர் கிராமெட் போடாமல் வேலை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள்.

எர்த் தனிக் கதை. ஸ்பீடோமீட்டருக்குள் இருக்கும் சிறு பல்புகளுக்கு எர்த், அதன் உடல் வழியாகத்தான் போகிறது. டாஷ்போர்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தபின் விளக்கு எரியவில்லை என்பார்கள். எர்த்தை மறைத்தது அந்தப் பெயிண்ட்தான். ஸ்பீடோமீட்டரின் உடலிலிருந்து கார் பாடிக்குத் தனியாக ஒரு கறுப்பு வயர் இழுத்தால் தீர்ந்தது. இன்னொன்று: மைனரில் பாடியோடு சேர்ந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. இன்றைய ரேடியோவின் உலோகக் கூடு நெகட்டிவ். அதை டாஷ்போர்டில் பொருத்தினால் நேரடி ஷார்ட்.

ஹெட்லைட்டுக்கு 60 வாட் ஹாலோஜன் பல்ப் இரண்டு போட்டால் 120 வாட். 12 வோல்ட்டில் அது 10 ஆம்பியர், அத்தனையும் அந்தப் பழைய ஸ்விட்ச் வழியாகப் போகும். நடுவில் ரிலே வைத்துவிட்டால் ஸ்விட்ச் சுமப்பது கால் ஆம்பியருக்கும் குறைவு.

எல்லாம் மாட்டியபின் பேட்டரியை நேராக இணைத்துவிடாதீர்கள். முனைக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்ப் வையுங்கள். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்கும்போது அது எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஆனால் அந்தப் பல்ப் இரண்டு ஆம்பியருக்கு மேல் விடாது, எனவே புது வயர் கருகாது. பிழையைத் தேடிச் சரிசெய்து, பல்பை எடுத்துவிட்டு, ஹெட்லைட்டைப் பிரைட்டில் போட்டு மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளில் ஒருமுறை, ஹெட்லைட் முனைகளில் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் டாஷ்போர்டை மூடலாம்.